இங்கிலாந்தின் முதியோர் பராமரிப்பு இல்லங்களில் வாய்நலம்: தேவைகளும் தடைகளும்

ஆய்வுச் சுருக்கம்

இங்கிலாந்தின் முதியோர் பராமரிப்பு இல்லங்களில் வாழ்வோரின் பல், ஈறு, பொய்ப்பல் ஆகியவற்றின் நிலையையும் அவற்றுக்குத் தேவைப்படும் அன்றாடக் கவனிப்பையும் இக்கட்டுரை விளக்குகின்றது. இயற்கைப் பற்களோடு முதுமையை அடைவோர் பெருகியமை, உமிழ்நீர்க் குறைவு, நிமோனியாவுக்கும் வாய்த்தூய்மைக்கும் உள்ள தொடர்பு, மறதிநோயாளரின் மறுப்பு ஆகியன முதலில் ஆராயப்படுகின்றன. 2016-ஆம் ஆண்டு வழிகாட்டுதலுக்குப் பின் இல்லங்களின் நடைமுறை திருந்திய அளவும், அதே காலத்தில் பல் மருத்துவச் சேவை எட்டாமற்போன நிலையும் பின்னர் எடுத்துக்காட்டப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: வாய்நலம், பராமரிப்பு இல்லம், பொய்ப்பல், வேர்ச்சொத்தை, நிமோனியா, மறதிநோய்.

முன்னுரை

பராமரிப்பு இல்லத்தில் சேர்க்கப்படும் முதியவரின் உடல்நிலை பற்றிய பதிவேட்டில் இரத்த அழுத்தம், சர்க்கரை, எடை, கீழே விழும் அபாயம், படுக்கைப்புண் ஆகியன தவறாமல் இடம்பெறுகின்றன. வாயைத் திறந்து பார்க்கும் வழக்கம் அண்மைக்காலம்வரை அவ்வளவு உறுதியாக இருந்ததில்லை. பல் துலக்குதல் தலைவாருதலைப் போன்றதோர் ஒப்பனைச் செயல் எனவும், நேரமின்றேல் மறுநாளுக்குத் தள்ளத்தக்கது எனவும் கருதப்பட்டு வந்தமையே இதற்கு முதன்மைக் காரணமாகும். பல்வலியைத் தாமே எடுத்துச்சொல்ல இயலாத ஒருவருக்கு அந்தத் தள்ளிவைப்பு உணவையும் உறக்கத்தையும், சில வேளைகளில் உயிரையும் பறிப்பதாக அமைகின்றது.

இங்கிலாந்தில் இவ்வில்லங்கள் இருவகைப்படும். அன்றாட உதவியை மட்டும் வழங்குபவை ஒருவகை. பதிவுபெற்ற செவிலியரின் கவனிப்பையும் சேர்த்து வழங்குபவை மற்றொருவகை. இருவகையையும் பராமரிப்புத் தர ஆணையம் என்னும் அமைப்பு 2009-ஆம் ஆண்டு முதல் கண்காணித்து வருகின்றது. ஆணையத்தின் அறிக்கைகளும் தேசிய நலவாழ்வுச் சேவையின் ஒப்பந்த முறையும் இக்கட்டுரைக்கு அடிப்படையாகின்றன. நிமோனியா பற்றிய பகுதிக்கு ஜப்பான், அமெரிக்கா ஆகிய நாடுகளின் ஆய்வுகள் எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

பொய்ப்பல் தலைமுறையும் இயற்கைப்பல் தலைமுறையும்

1948-இல் தேசிய நலவாழ்வுச் சேவை தொடங்கப்பெற்றபோது பல் மருத்துவமும் கட்டணமின்றி வழங்கப்பட்டது. பொய்ப்பல்லுக்கு எழுந்த தேவை அரசின் மதிப்பீடுகளையெல்லாம் கடந்து சென்றது. 1951-இல் பொய்ப்பல்லுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் கட்டணம் விதிக்க முடிவுசெய்யப்பட்டபோது, அச்சேவையை உருவாக்கிய அனைரின் பெவன் அமைச்சர் பதவியிலிருந்து விலகினார். ஒரு நாட்டின் அரசியல் வரலாற்றில் பொய்ப்பல் இத்துணை இடம்பெற்றிருப்பது வியப்புக்குரியது. சொத்தைப் பற்களைப் பேணுவதைக் காட்டிலும் அனைத்தையும் பிடுங்கிவிட்டுப் பல்செட் பொருத்திக்கொள்வதே எளிது என்னும் எண்ணம் அக்காலத் தொழிலாளர் குடும்பங்களில் பரவலாக இருந்தது.

1968-இல் இங்கிலாந்திலும் வேல்சிலும் நடத்தப்பட்ட பல்நலக் கணக்கெடுப்பின்படி, வயதுவந்தோருள் 37 விழுக்காட்டினருக்கு இயற்கைப் பல் ஒன்றுகூட இல்லை. 2009-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இங்கிலாந்தில் அவ்விகிதம் 6 விழுக்காடாகக் குறைந்தது. 1970-களில் ஃபுளோரைடு கலந்த பற்பசை பரவியமையும், பிடுங்குவதைக் காட்டிலும் அடைத்துக் காப்பதை விரும்பும் மருத்துவமுறை வளர்ந்தமையும் இம்மாற்றத்திற்குப் பெரிதும் துணைநின்றன.

இவ்வெற்றியின் மறுபக்கம் பராமரிப்பு இல்லங்களில்தான் வெளிப்படுகின்றது. முழுப் பல்செட் அணிந்த முதியவரைப் பராமரிப்பது ஒப்பீட்டளவில் எளிய பணி. செட்டைக் கழற்றிக் கழுவி, இரவில் தனியே வைத்து, ஈறுகளை மெல்லிய துணியால் துடைத்தால் பெரும்பகுதி முடிந்துவிடும். இன்று இல்லத்திற்கு வருபவரின் வாயிலோ சில இயற்கைப் பற்கள், பழைய உலோக அடைப்புகள், பல்லுறைகள், பாலம்போல் இணைத்துக் கட்டிய பற்கள், தாடை எலும்பில் பதித்த இம்பிளான்ட்டுகள், அவற்றிடையே பகுதிப் பல்செட் என யாவும் கலந்திருக்கின்றன. நாற்பது ஆண்டுகளாகப் பல் மருத்துவர் பலரின் உழைப்பாலும் தம் சொந்தக் கவனத்தாலும் காத்துவந்த இவ்வமைப்பை, கை நடுங்கத் தொடங்கியபின் அவரால் பேண இயலுவதில்லை. அப்பொறுப்பு, பல் பற்றிய பயிற்சி ஏதும் பெறாத பராமரிப்பாளரின் கைக்கு மாறுகின்றது. எனவே பல்நலம் மேம்பட்டதால் இல்லங்களின் பல்நலத் தேவை குறையும் என எதிர்பார்ப்பது பொருந்தாது. அது கூடியே வருகின்றது.

உமிழ்நீர்க் குறைவும் வேர்ச்சொத்தையும்

உமிழ்நீர் வாயைக் கழுவுகின்றது, அமிலத்தைத் தணிக்கின்றது, கரைந்த சுண்ணாம்புச் சத்தைப் பல்லுக்கு மீட்டுத் தருகின்றது. வாய் வறள்வதற்கு முதுமை மட்டுமே காரணம் எனக் கூறிவிட இயலாது. மனச்சோர்வு, ஒவ்வாமை, சிறுநீர் அடக்கமின்மை ஆகியவற்றுக்குத் தரப்படும் மருந்துகளுள் பல உமிழ்நீர்ச் சுரப்பைக் குறைப்பன. இல்லவாசிகளுள் பலர் இத்தகைய மருந்துகளுள் ஒன்றுக்கு மேற்பட்டவற்றை ஒரே வேளையில் உட்கொள்கின்றனர்.

வறண்ட வாயில் சொத்தை உருவாகும் இடமும் வேறுபடுகின்றது. வயது ஏற ஏற ஈறு கீழிறங்குவதால், பற்சிப்பியின் காப்பற்ற வேர்ப்பகுதி வெளிப்படுகின்றது. பற்சிப்பி ஏறத்தாழ 5.5 என்னும் பி.எச். அளவில் கரையத் தொடங்கும். வேரின் டென்டினுக்கு அவ்வளவு அமிலம் வேண்டியதில்லை. 6-க்குச் சற்று மேற்பட்ட அளவிலேயே அது கரையத் தொடங்கிவிடும். ஆதலின் இளையோரின் பல்லுக்குத் தீங்கிழைக்காத உணவுப்பழக்கம் முதியோரின் வேரை அரிக்க வல்லது. உடல் எடை குறையும் முதியோருக்கு நாள்தோறும் பலமுறை தரப்படும் இனிப்பான ஊட்டச்சத்துப் பானங்கள் இவ்வரிப்பை விரைவுபடுத்துகின்றன. எடையைக் காக்க வழங்கப்படும் பானம் பல்லைக் கெடுத்து, பல் கெட்டமையால் உண்ணல் குறைந்து, எடை மீண்டும் இறங்கும் சுழற்சி இங்குத் தோன்றுகின்றது. பானத்தை நிறுத்துவது தீர்வாகாது. அருந்தியபின் வாயை நீரால் நனைத்தலும், வழக்கமான பற்பசைக்கு மாறாக 5000 பி.பி.எம். அளவு ஃபுளோரைடு கொண்ட பற்பசையை மருத்துவப் பரிந்துரையின்பேரில் பயன்படுத்துதலும் நடைமுறையில் உள்ள வழிகளாகும். கடைகளில் கிடைக்கும் வழக்கமான பசையில் ஏறத்தாழ 1450 பி.பி.எம். அளவே உண்டு. விழுங்கற் சிக்கல் உடையோருக்கு நுரைக்காத பசை பொருத்தமானது.

வேர்ச்சொத்தை பெரும்பாலும் வலியின்றியே பல்லின் கழுத்தைச் சுற்றி வளைக்கின்றது. ஒருநாள் உணவுண்ணும்போது பல் ஈறு மட்டத்தில் முறிந்த பின்னரே அது பிறர் கண்ணுக்குப் புலனாகின்றது.

வாயும் நுரையீரலும்

இல்லவாசிகளின் இறப்புக் காரணங்களுள் நிமோனியா முன்னிற்கும் ஒன்று. உறக்கத்தில் வாய்நீர் சிறிதளவு மூச்சுக்குழாய்க்குள் இறங்குதல் எவருக்கும் நிகழக்கூடியது. இருமல் வலிமை குன்றிய முதியவருக்கு, அந்நீரில் பற்படிவின் நுண்ணுயிர்கள் மிகுந்திருப்பின், அது நோயாகின்றது.

இத்தொடர்பை ஜப்பானின் யொனெயாமாவும் உடன் ஆய்வாளர்களும் 1999-இல் லான்செட் இதழில் வெளியிட்ட ஆய்வு உலகின் கவனத்திற்குக் கொணர்ந்தது. 11 பராமரிப்பு இல்லங்களைச் சேர்ந்த 366 பேர் ஈராண்டுகள் கவனிக்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்கு ஒவ்வோர் உணவுக்குப் பின்னரும் பராமரிப்பாளரே பல் துலக்கிவிட்டனர்; வாரம் ஒருமுறை பல் மருத்துவரோ பல் சுகாதாரப் பணியாளரோ வாயைத் தூய்மை செய்தார். மற்றொரு பிரிவினர் தம் வழக்கப்படியே விடப்பட்டனர். நிமோனியா கண்டோர் முதற்பிரிவில் 11 விழுக்காடு, இரண்டாம் பிரிவில் 19 விழுக்காடு. நிமோனியாவால் இறந்தோர் முறையே 7, 16 விழுக்காடு. இயற்கைப் பல் இல்லாதோரிடத்தும் இந்நன்மை காணப்பட்டது என்பது குறிக்கத்தக்கது. பல்லே இல்லாதவருக்கு வாய்க்கவனிப்பு எதற்கு என்னும் வினாவுக்கு அது விடையாகின்றது.

ஆயினும் இவ்வொரு முடிவையே பற்றிநிற்பது ஆய்வு நெறிக்கு ஒவ்வாது. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் 36 இல்லங்களைச் சேர்ந்த 834 பேரிடம் நடத்தப்பெற்று 2015-இல் வெளிவந்த ஆய்வில், பல் துலக்கலோடு குளோர்ஹெக்சிடின் மருந்தும் நிமிர்ந்த நிலையில் உணவூட்டலும் சேர்க்கப்பட்டும் நிமோனியா குறையவில்லை. பயன் தோன்றும் வாய்ப்பில்லை எனக் கண்டு ஆய்வு இடையிலேயே நிறுத்தப்பட்டது. வட கரோலினாவில் 14 இல்லங்களில் 2152 பேரைக் கொண்டு நடத்தப்பெற்று 2020-இல் வெளியான ஆய்வில் முதலாண்டில் நோய் குறைந்தது. ஈராண்டு முடிவில் அவ்வேறுபாடு நிலைக்கவில்லை. முந்தைய ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய 2018-ஆம் ஆண்டுக் காக்ரேன் மதிப்பாய்வு, தொழில்முறை வாய்க்கவனிப்பு நிமோனியா இறப்பைக் குறைக்கக்கூடும் எனவும் சான்றின் தரம் தாழ்ந்தது எனவும் கூறியது.

இம்முரண்பாட்டுக்கு ஒரு காரணம் கவனிப்பின் அளவாக இருக்கலாம். ஜப்பானிய ஆய்வில் துலக்கியவர் பராமரிப்பாளர், உணவுதோறும் துலக்கினார், வாரந்தோறும் தொழில்முறையாளர் வந்தார். இத்துணை உழைப்பு வழக்கமான பணிநேரத்திற்குள் நீடிக்குமா என்பதே வட கரோலினா ஆய்வு எழுப்பும் ஐயமாகும். நிமோனியாவைத் தடுப்பதாகச் சொன்னால்தான் வாய்க்கவனிப்புக்கு நிதி கிடைக்கும் என்னும் போக்கு ஆய்வுலகில் உள்ளது. வலியின்றி உண்ணும் உரிமை தன்னளவிலேயே போதிய காரணம் ஆகாதா என்பது தனியே ஆராயத்தக்கது.

பொய்ப்பல்லின் தேவைகள்

பொய்ப்பல் அணிவோர் தொகை குறைந்துவரினும் இல்லங்களில் அவர்கள் இன்றும் பலர். இரவிலும் கழற்றாத பல்செட்டின் கீழ் கேண்டிடா என்னும் பூஞ்சை பெருகி மேலண்ணம் சிவந்து புண்ணாகின்றது. டோக்கியோவில் 85 வயதும் அதற்கு மேலும் உடைய 524 பேரை மூன்றாண்டுகள் தொடர்ந்து கவனித்து 2015-இல் வெளியிடப்பட்ட ஆய்வு, பல்செட்டோடு உறங்குவோர்க்கு நிமோனியா அபாயம் இருமடங்குக்கு மேற்பட்டது எனக் கண்டது. செட்டைப் பற்பசையால் தேய்த்தால் அதன் பரப்பில் கீறல்கள் விழுந்து நுண்ணுயிர் தங்க இடமாகும். சோப்பு நீரும் தனித் தூரிகையும் போதுமானவை. இவை எளிய செய்திகளே எனினும் பராமரிப்பாளருக்கு எவரும் சொல்லித் தராதவை.

பொய்ப்பல் தொலைதல் இன்னொரு பெருஞ்சிக்கல். மெல்லிய காகிதத்தில் சுற்றிவைத்த செட் குப்பைக்குச் செல்கின்றது. உணவுத் தட்டோடு போய்விடுகின்றது. படுக்கை விரிப்போடு சலவைக்குச் சென்றுவிடுகின்றது. மறதிநோயாளர் பிறருடைய செட்டை எடுத்து அணிந்துகொள்வதும் உண்டு. புதியது செய்து தந்தால் தீரும் இழப்பன்று இது. பல்செட்டை வாயில் நிறுத்துவது நாக்கும் கன்னத் தசைகளும் பல்லாண்டுகளாகக் கற்றுக்கொண்ட பழக்கமாகும். மறதிநோய் முற்றிய நிலையில் புதிய வடிவுக்கு அத்தசைகள் பழகுவதில்லை. பழைய செட் கையில் இருந்தால் அதன் வடிவைப் படியெடுத்துப் புதியது செய்யலாம். தொலைந்தபின் அவ்வாய்ப்பும் இல்லை. அன்று முதல் அவருக்கு அரைத்த உணவே எஞ்சுகின்றது. பேச்சு குழறுகின்றது, உறவினர் வரும்போது வாயைக் கையால் மறைத்துக்கொள்கின்றார். செட்டின் உட்பக்கத்தில் உரியவரின் பெயரைப் பொறித்தல் சில நிமிடங்களில் முடியும் வேலை. வழிகாட்டுதலே இதனைக் குறிப்பிடுகின்றது.

மறதிநோயாளரின் மறுப்பு

வாய்க்கவனிப்பில் பராமரிப்பாளர் எதிர்கொள்ளும் பெருந்தடை, வாயைத் திறக்க மறுத்தலாகும். மறதிநோயாளரின் நோக்கில் இம்மறுப்பு பொருளற்றதன்று. அறிமுகமற்ற ஒருவர் நின்றவாறு குனிந்து, விளங்காத சொற்களைக் கூறி, கடினமான ஒரு பொருளை வாய்க்குள் நுழைக்கின்றார். உடல் தன்னைக் காத்துக்கொள்ள முனைகின்றது. இதனை ‘முரட்டு நடத்தை’ எனப் பதிவேட்டில் எழுதிவிட்டால், அடுத்த பணிமுறையினர் முயல்வதையே கைவிடுகின்றனர்.

இம்மறுப்பைக் குறைக்கும் முறைகள் செவிலியர் ஆய்வுகளில் விளக்கம் பெற்றுள்ளன. கண்மட்டத்தில் அமர்ந்து பேசுதல், குழந்தையிடம் பேசும் குரலைத் தவிர்த்தல், குளியலறைக் கண்ணாடியின்முன் நிறுத்திப் பழைய பழக்கத்தை நினைவூட்டல் ஆகியன தொடக்கநிலை முறைகள். முதியவரின் கையில் ஒரு பல்துலக்கியைக் கொடுத்துவிட்டு மற்றொன்றால் பராமரிப்பாளர் துலக்குதல் ஒரு முறை. பராமரிப்பாளர் தொடங்கிவைத்து முதியவரையே தொடரச்செய்தல் மற்றொன்று. முதியவரின் கைமேல் தம் கையை வைத்து வழிநடத்துதல், ஒருவரிடம் மறுப்பவரை வேறொருவரிடம் விட்டு முயலுதல் ஆகியனவும் உண்டு. இவை யாவும் பொறுமையை வேண்டுவன. பொறுமைக்கு நேரம் வேண்டும்.

வற்புறுத்தல் எங்குத் தொடங்குகின்றது என்னும் சட்ட வினாவும் இங்கு எழுகின்றது. 2005-ஆம் ஆண்டு மனத்திறன் சட்டத்தின்படி, முடிவெடுக்கும் திறனுடையவர் மறுத்தால் அம்மறுப்பு ஏற்கப்பட வேண்டும். திறனற்றவர் எனக் கண்டறியப்பட்டவரிடத்து அவருடைய நலனுக்கு உகந்தது எதுவெனப் பார்த்துச் செயற்படலாம். அதுவும் இயன்றவரை குறைந்த கட்டுப்பாட்டோடு நிகழவேண்டும். நடைமுறையில், மறுப்பை மதித்தலுக்கும் புறக்கணிப்புக்கும் இடையிலுள்ள கோடு பதிவேட்டின் ஒரு வரியில் மறைந்துவிடுகின்றது. ‘மறுத்தார்’ என ஒருமுறை எழுதியபின், மீண்டும் எப்போது, எவ்வாறு முயன்றனர் என்பது எழுதப்பட்டுள்ளதா என நோக்குவதே அதனைப் பிரித்தறியும் வழி.

வலியைச் சொல்ல இயலாதோர் அதனை வேறுவகையில் வெளிப்படுத்துகின்றனர். உணவைத் தள்ளுதல், ஒரு பக்கமாக மட்டும் மெல்லுதல், கன்னத்தைப் பிடித்திழுத்தல், நேற்றுவரை அணிந்த பல்செட்டை இன்று மறுத்தல், காரணமின்றிச் சினத்தல் ஆகியன அவற்றுட் சில. இவை நோயின் முற்றிய நிலை எனக் கருதப்பட்டு அமைதிப்படுத்தும் மருந்து தரப்படுமாயின், அம்மருந்தே வாயை மேலும் வறளச் செய்யக்கூடும்.

வழிகாட்டுதலும் நடைமுறையும்

தேசிய நலவாழ்வு மற்றும் பராமரிப்பு மேன்மை நிறுவனம் 2016-இல் பராமரிப்பு இல்லவாசிகளின் வாய்நலத்திற்கெனத் தனி வழிகாட்டுதலை வெளியிட்டது. இல்லத்தில் சேர்ந்தவுடன் வாயின் நிலையை மதிப்பிடுதல், அதனைத் தனிநபர் பராமரிப்புத் திட்டத்தில் எழுதுதல், நாளொன்றுக்கு இருமுறையேனும் ஃபுளோரைடு பசையால் துலக்குதல், பல்செட்டை நாள்தோறும் தூய்மை செய்து இரவில் கழற்றுதல் ஆகியன அதன் சாரம்.

மூன்றாண்டுகளுக்குப் பின், 2019-இல், பராமரிப்புத் தர ஆணையம் தன் பல்துறை ஆய்வாளர்களை 100 இல்லங்களுக்கு அனுப்பி ‘ஸ்மைலிங் மேட்டர்ஸ்’ என்னும் அறிக்கையை வெளியிட்டது. 52 விழுக்காடு இல்லங்களில் வாய்நலம் பற்றிய கொள்கையே இல்லை. 47 விழுக்காடு இல்லங்களில் பணியாளருக்கு இதற்கான பயிற்சி அளிக்கப்படவில்லை. பார்வையிட்ட பராமரிப்புத் திட்டங்களுள் 73 விழுக்காடு வாய்நலத்தை அறவே குறிப்பிடவில்லை அல்லது ஓரளவே குறிப்பிட்டன. 2022-ஆம் ஆண்டு முதல் வெளிநாட்டுப் பராமரிப்பாளருக்கு விசா வழங்கப்பட்டு, இந்தியர் உட்படப் பலர் இவ்வில்லங்களில் சேர்ந்தமையால், பயிற்சி பற்றிய வினா மொழியையும் பழக்கத்தையும் உள்ளடக்கியதாகப் பின்னர் விரிந்தது.

2023-இல் வெளியான தொடர் அறிக்கை முன்னேற்றத்தைக் காட்டியது. வழிகாட்டுதலை அறிந்த இல்லங்கள் 61 விழுக்காட்டிலிருந்து 91 ஆக உயர்ந்தன. வாய்நலத்தை முழுமையாக எழுதிய திட்டங்கள் 27 விழுக்காட்டிலிருந்து 60 ஆயின. ஆனால் தம் இல்லவாசிகளுக்குத் தேசிய நலவாழ்வுச் சேவையின் பல் மருத்துவம் ஒருபோதும் கிடைப்பதில்லை என்று கூறிய இல்லங்கள் 2019-இல் 6 விழுக்காடாக இருந்து 2022-இல் 25 விழுக்காடாயின. முறிந்த பல்லைக் கண்டறிந்து எழுதக் கற்றுக்கொண்ட பணியாளர், அதனை யாரிடம் காட்டுவது என்று அறியாத நிலை உருவாகியது. இல்லங்களின் அறியாமையே குறை என்னும் விளக்கத்தை இவ்வெண்கள் பெரிதும் தளர்த்துகின்றன.

பல் மருத்துவர் எட்டாமைக்கான காரணங்கள்

2006-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி பல் மருத்துவருக்கு ‘பல் மருத்துவச் செயல் அலகு’ என்னும் கணக்கில் ஊதியம் வழங்கப்படுகின்றது. ஒரு சிகிச்சைத் தொடரில் ஒரு பல்லை அடைத்தாலும் ஆறு பற்களை அடைத்தாலும் மூன்று அலகுகளே கிடைத்தன. 2022-இன் இறுதியில், மூன்றோ அதற்கு மேலோ பற்களுக்குச் சிகிச்சை அளித்தால் ஐந்து அலகுகள் எனத் திருத்தப்பட்டது. நெடுநாள் கவனிப்பாரற்ற வாயோடு வரும் முதியவர், இம்முறையில் மருத்துவருக்கு இழப்பை உண்டாக்கும் நோயாளி ஆகின்றார். இல்லத்திற்கே சென்று பார்ப்பதற்குத் தனி ஒப்பந்தம் வேண்டும். அங்குச் சாய்வு நாற்காலி இல்லை; ஒளியும் உறிஞ்சு கருவியும் போதா; ஒருவரைப் பார்க்கும் நேரத்தில் மருத்துவமனையில் பலரைப் பார்த்துவிடலாம். முதியவரை அழைத்துச் செல்வதாயின் உடன்செல்லும் பணியாளரை இல்லம் விடுவிக்க வேண்டும். சக்கர நாற்காலி ஏறும் வண்டி வேண்டும்.

பல் மருத்துவர் அல்லாத தொழில்முறையாளரைக் கொண்டு இவ்விடைவெளியை ஓரளவு நிரப்ப வழி உண்டு. பல் சுகாதாரப் பணியாளரும் பல் சிகிச்சையாளரும் மருத்துவரின் பரிந்துரையின்றியே நோயாளியைப் பார்க்க 2013 முதல் அந்நாட்டுப் பல் மருத்துவக் குழுமம் இசைவளித்துள்ளது. 2024-இல் செய்யப்பட்ட சட்டத் திருத்தம், மிகைஃபுளோரைடுப் பசை போன்ற சில மருந்துப்பொருள்களை அவர்களே வழங்க இடமளித்தது. இல்லங்களுக்கு வாரந்தோறும் அல்லது மாதந்தோறும் சென்று வாயைத் தூய்மை செய்யவும், வேர்ச்சொத்தையைத் தொடக்கத்திலேயே தடுக்கவும், பணியாளருக்குப் படுக்கையருகிலேயே கற்பிக்கவும் இவர்களால் இயலும். ஜப்பானிய ஆய்வில் வாரந்தோறும் வந்தவர்களின் இடம் ஏறத்தாழ இதுவே. நிலைத்த பற்களைப் பிடுங்கும் உரிமை அவர்களுக்கு இல்லை. சீழ்பிடித்த வேரை அகற்ற இன்னும் பல் மருத்துவரே வரவேண்டும். அவர் வரும்வரை வலிநிவாரணியும் கிருமிக்கொல்லி மருந்துமே அம்முதியவருக்குத் தரப்படுகின்றன.